எறிஞ்சுபோட்டு வா

அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் இரண்டு காரியங்களுக்கு ஒரே வசனம்தான். குப்பைப் பையைக் கட்டி என் கையில் தரும்போதும் அதைத்தான் சொல்வார். பேஸ்பால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் கதவடியில் குனிந்து சப்பாத்துக் கட்டும்போதும் குசினிக்குள் இருந்து அதையேதான் சொல்வார். "எறிஞ்சுபோட்டு வா, மோனை." பகிடிக்குச் சொன்னதில்லை. அவருக்கு இரண்டுமே எறிகிற வேலை. எறிந்து முடிந்ததும் பிள்ளை நேரத்துக்கு வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் என் தொழிலை எங்கள் ஆட்களில் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். நான் பந்து எறிந்து சம்பளம் வாங்கியவன். கொஞ்சக் காலம்தான், பெரிய சம்பளமும் இல்லை, ஆனாலும் வேறு எதையும் நான் அப்படிப் பழகியதில்லை. லண்டனுக்கு வந்தபிறகு இதை ஒரு தமிழருக்கும் விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. மற்றவர்களை விடுவோம், அப்பாவுக்கே விளங்கப்படுத்த முடியவில்லை. அப்பா தன்னுடைய ஆட்களுக்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் என்னவாக இருந்தேன் என்பதைச் சரியான சொல்லால் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. முப்பது வயது கடந்த ஆம்பிளைக்கு இதெல்லாம் ஒரு ஆசையா என்று கேட்கலாம். இருந்தது, என்ன செய்ய?

பிழை 'எறி' என்ற அந்தச் சொல்லிலும் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குப் பந்து என்றால் கிரிக்கெட். கிரிக்கெட்டில் பந்தைப் போடுவார்கள், எறியமாட்டார்கள். கையை நீட்டிச் சுற்றிப் போடவேண்டும். முழங்கை மடங்கி நிமிர்ந்தால் அது எறி. நடுவர் கையை நீட்டி நோபோல் என்பார். 'அவன் எறியிறான்' என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால் கள்ளன் என்று சொன்ன மாதிரித்தான்.

பேஸ்பாலில் எல்லாம் தலைகீழ். மைதானத்தின் நடுவில் ஒரு சின்ன மண்மேடு இருக்கும். அதில் ஒருவன் தனியே ஏறி நின்று, முழங்கையை மடக்கி, உடம்பு முழுவதையும் முறுக்கி எறிவான். எதிரே துடுப்போடு ஒருவன் அடிக்க நிற்பான். அவனுக்குப் பின்னால், எறிகிற பந்தைப் பிடிப்பதற்கென்றே பெரிய கையுறை போட்டுக்கொண்டு ஒருவன் குந்தியிருப்பான். அவனைக் கேட்சர் என்பார்கள். மேட்டில் நிற்பவன் எறியும்வரை மற்ற எல்லாரும் சும்மா காத்துக்கொண்டு நிற்பார்கள். நான் அந்த மேட்டில் நின்றவன்.

அதிலும் இடக்கையால் எறிந்தவன். சின்ன வயதில் இந்தக் கையால் நான் வாங்கிக்கட்டிய பேச்சுக் கொஞ்சநஞ்சமில்லை. சோற்றுக் கோப்பைக்குக் கிட்ட இடக்கை போனால் தட்டிவிடுவார்கள். கோயிலில் திருநீற்றுக்கு இடக்கை நீண்டால் அப்பா அதைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு வலக்கையைத் தூக்கி நீட்டுவார். வீட்டுக்கு வந்தவர்கள் இனிப்பு ஏதாவது தந்தாலும் அப்பாவின் குரல் பின்னால் வரும். "வலக்கையாலை வாங்கு." அவர் என்னிடம் ஆகக்கூடுதலாகச் சொன்ன வசனம் அதுவாகத்தான் இருக்கும். எழுத, சாப்பிட, கும்பிட எல்லாவற்றுக்கும் வலக்கை பழகிவிட்டேன். எறிவதற்கு மட்டும் ஒருவரும் பழக்கவில்லை. அதனால் அது இடக்கையிலேயே தங்கிவிட்டது.

நாங்கள் அகதிகளாகப் போய்ச் சேர்ந்த ஹொலண்ட் ஊரில், எங்களுக்குத் தந்த மாடிவீட்டுக்குப் பின்னால் ஒரு பேஸ்பால் மைதானம் இருந்தது. ஐரோப்பாவில் அந்த விளையாட்டை நெஞ்சில் தூக்கி வைத்திருக்கும் ஒன்றிரண்டு இடங்களில் அது ஒன்று என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? மைதானத்துக் கட்டடத்தில் ஹீட்டர் இருந்தது, சூடான சொக்லேட் பால் தந்தார்கள். அதற்காகத்தான் முதலில் போனேன். பயிற்சி தருகிறவர், எந்தக் கையால் எறிவாய் என்று கேட்டார். நான் பயந்துபோய் வலக்கையைத் தூக்கிக் காட்டினேன். சில கிழமைகள் வலக்கையால் எறிந்து எல்லாருக்கும் சிரிப்புக் காட்டினேன். பிறகு ஒருநாள் வேலிக்கு வெளியே நின்ற மரத்துக்கு நான் கல்லெறிவதை அவர் கண்டுவிட்டார். அப்பா கண்ட மாதிரிக் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவர் வந்து அந்தக் கையை மெதுவாக வெளியே எடுத்து, அதில் ஒரு பந்தை வைத்தார். பேஸ்பாலில் இடக்கைக்காரனுக்கு எப்போதும் கிராக்கி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்பா ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை. கோபித்துக்கொண்டு வராமல் இருந்தார் என்று சொன்னால் பொய். கிழமை நாட்களில் பூந்தோட்டக் கண்ணாடிக் கூடங்களில் வேலை, சனி ஞாயிறில் ஒரு ரெஸ்ரோறன்டில் கோப்பை கழுவுகிற வேலை. எங்கள் ஆட்டங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். அம்மா மட்டும் இடைக்கிடை வருவார். கேட்சருக்குப் பின்னால் கட்டியிருக்கும் வலைக்கு அங்காலே, மழை இல்லாவிட்டாலும் குடையோடு நிற்பார். ஆட்டம் பாதியில் இருக்கும்போதே, சமைக்கவேண்டும் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

பள்ளிக்கூடம் முடிந்த வருடம் ஒரு அமெரிக்க அணி என்னை எடுத்தது. அமெரிக்க அணி என்றதும் தொலைக்காட்சியில் வருகிற பெரிய மைதானங்களை நினைக்கவேண்டாம். அங்கே படிப்படியாக ஏறவேண்டும். என்னை வைத்தது ஆகக் கடைசிப் படியில். தெற்குப் பக்கத்துச் சின்னச் சின்ன ஊர்கள், நெடுந்தூர பஸ் பயணம், ஒரே மணம் மணக்கும் மோட்டல் அறைகள். பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் நாளைக்கும் இருப்பானா என்று தெரியாது. காலையில் அவன் கட்டில் காலியாக இருக்கும், பின்னேரம் அதில் வேறொருவன் பையை வைப்பான். நான் சோறு காய்ச்சுகிற சின்னச் சட்டியைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன். ரின்னில் அடைத்து வருகிற மீனும் மிளகாய்த் தூளும் போட்டு ஒரு குழம்பு வைப்பேன். ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் சாப்பிடவேண்டும். தமிழில் ஒரு சொல் பேசாமல் கிழமைக்கணக்கில் போகும். ஒருநாள் சட்டி சுட்டபோது என் வாயில் இருந்து 'ஐயோ அம்மா' என்று வந்தது. அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

அந்த ஊர்களில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் எங்கள் கேட்சர். கரீபியன் தீவொன்றில் இருந்து வந்தவன். ஆங்கிலம் வராது, எனக்கு அவனுடைய ஸ்பானிஷ் வராது. ஆனால் கேட்சருக்கு வாய் தேவையில்லை. குந்தியிருந்தபடி தொடைகளுக்கு நடுவே விரல்களைக் காட்டுவான். ஒரு விரல் என்றால் நேராக, வேகமாக. இரண்டு விரல் என்றால் வளைத்து. நான் தலையை ஆட்டினால் சம்மதம். எறிந்த பந்து பிசகிப் போனால் எழும்பி மேட்டுக்கு நடந்து வருவான். வந்து ஒன்றும் பேசமாட்டான். பந்தை என் கையுறைக்குள் வைத்து, கையுறையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் போவான். எவ்வளவு வேகமாக எறிந்தாலும் பிடித்துவிடுவான். என் வாழ்க்கையில் என்னை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

ஞாயிறுகளில், அப்பா வேலை முடிந்து வந்திருக்கும் நேரம் பார்த்து, வீட்டுக்குப் போன் எடுப்பேன். அம்மா சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அப்பாவிடம் கொடுப்பார். அப்பாவின் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எத்தினை விக்கெட்?"

முதலில் விளங்கப்படுத்திப் பார்த்தேன். இதில் விக்கெட் இல்லை அப்பா, அடிக்க வந்தவன் மூன்று தடவை தவறவிட்டால் வெளியே போகவேண்டும், அப்படி ஐந்து பேரை அனுப்பினேன் என்று சொல்வேன். பிறகு, "அப்ப அஞ்சு விக்கெட்" என்பார். அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு நானும் விக்கெட் கணக்கிலேயே சொல்லப் பழகிவிட்டேன். அப்பா அதை அப்படியே தன் சிநேகிதர்களுக்குச் சொன்னார். ஒரு வாயில் இருந்து இன்னொரு வாய்க்குப் போய், கடைசியில் நான் ஹொலண்ட் கிரிக்கெட் அணிக்குப் பந்து போடுகிறவன் ஆகிவிட்டேன். ஹொலண்டுக்கும் ஒரு கிரிக்கெட் அணி இருந்தபடியால் அதைச் சந்தேகிக்க ஒருவருக்கும் காரணம் இருக்கவில்லை.

முழங்கைக்குள் ஒரு நார் இருக்கிறது. இவ்வளவு முறுக்கி எறிகிறவர்களுக்கு அதுதான் முதலில் அறும். எனக்கும் அறுந்தது. வெட்டித் தைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேலே காத்திருந்து திரும்ப எறிந்தேன். பந்து போகவேண்டிய இடத்துக்குப் போனது, முந்திய வேகத்தில் போகவில்லை. ஒருநாள் மதியம் பயிற்சிக்கு நடுவில் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், கை கொடுத்தார்கள். வெளியே வந்தபோது கேட்சர் வேறொருவனின் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகமூடி போட்டிருந்தான், என்னைக் காணவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்சுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஹொலண்டில் சில வருடங்கள் எறிந்தேன். பகலில் களஞ்சியத்தில் வேலை, பின்னேரம் ஆட்டம். அதுவும் ஓய்ந்தபோது அப்பாவும் அம்மாவும் லண்டனுக்கு வந்து குடியேறியிருந்தார்கள். ஹொலண்ட் பாஸ்போட் கிடைத்ததும் எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான் கிளம்பினார்கள். அப்பாவுக்கு, பஸ் தரிப்பில் நின்றால் யாராவது தமிழில் கதைக்கவேண்டும், வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய்வரவேண்டும், கிரிக்கெட் பார்க்கவேண்டும். நானும் வந்து சேர்ந்தேன். வீடு கிடைத்த இடத்தின் பெயரைத் தமிழில் எழுதினால் மிச்சம் என்று வரும். ஹொலண்டில் செலவழித்ததுபோக வந்த மிச்சம் என்று அப்பா எல்லாருக்கும் பகிடி சொல்வார். எனக்கு அந்தப் பகிடி அவ்வளவாகப் பிடிக்காது.

வந்து சில வருடங்களில் அம்மா போய்விட்டார். நானும் அப்பாவும் மிச்சத்தில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருக்கிறோம். நான் ஒரு மொத்த வியாபாரியின் வான் வண்டியை ஓட்டுகிறேன். அரிசி மூட்டை, தேங்காய், முருங்கைக்காய் என்று கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட் முதல் இந்தப் பக்கம் வரைக்கும் கடைகளுக்கு இறக்குவேன். நாள் முழுக்க ஆட்களோடுதான் வேலை. இருந்தும் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. 'எத்தினை மூட்டை', 'அங்காலை வை', அவ்வளவுதான். இரண்டு மூன்று இடத்தில் கலியாணம் பேசினார்கள். ஒரு பெண் வீட்டில், மாப்பிள்ளை முந்தி என்ன செய்தவர் என்று கேட்டார்கள். அப்பா முகம் மலர்ந்து கிரிக்கெட் என்றார். அந்தப் பெண்ணின் தமையன் கிரிக்கெட்டில் கரைகண்டவன்போல. என்ன வகைப் பந்து போடுவேன், எந்தத் தொடரில் விளையாடினேன் என்று தொடங்கினான். நான் முழித்தேன். அங்கிருந்து பிறகு ஒரு தகவலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தை ஜக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்குப் போவேன். அங்கே பாவனையில் இல்லாத ஒரு கட்டடத்தின் செங்கல் சுவர் இருக்கிறது. அதற்கு எறிவேன். கை நோகாத அளவுக்கு, மெதுவாக. சுவர் பந்தைத் திருப்பித் தரும், ஆனால் பிடிக்காது. பிடிக்கிற சத்தத்துக்கும் பட்டுத் திரும்புகிற சத்தத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. நாயோடு நடக்கிற ஒரு வெள்ளைக்கார அம்மா ஒருநாள் நின்று, கிரிக்கெட்டா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அவரோடும் போய் இழுபட எனக்கு அலுப்பாக இருந்தது. நான் வெளிக்கிடும்போது அப்பா தொலைக்காட்சியைப் பார்த்தபடியே "எங்கை போறாய்?" என்று கேட்பார். "சும்மா, காலாற" என்பேன்.

போன கோடைக்காலம். அப்பாவின் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் வருடாவருடம் ஒருநாள் கிரிக்கெட் வைப்பார்கள். பள்ளிக்கூடங்களுக்கு இடையில் போட்டி, ஒலிபெருக்கி, கூடாரத்தில் மட்டன் ரோல், எல்லாம் உண்டு. அந்த வருடம் அப்பாவின் அணிக்குப் பந்து போட ஆள் குறைந்துவிட்டது. அப்பா என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டு மெல்லக் கதையைத் தொடங்கினார்.

"ஒரு ஓவர் போட்டால் காணும், தம்பி."

"அப்பா, எனக்குக் கிரிக்கெட் போடத் தெரியாது."

"எல்லாம் பந்துதானே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் பந்துதான் என்றால் இத்தனை வருடமாக என் முழங்கைக்குள் இருப்பது என்ன? கேட்கத்தான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் விளங்கியது, நான் விளையாடியது கிரிக்கெட் இல்லை என்று அவருக்குத் தெரியும். எப்போதோ தெரிந்திருக்கிறது. சொன்ன கதையை இனி எப்படி மாற்றுவது என்றுதான் தெரியவில்லை. அன்றைக்கு அங்கே வைத்து என்னவும் ஆகட்டும், ஒருவேளை அவரே வாய் திறந்து சொல்லவேண்டி வரும் என்று ஒரு கள்ள ஆசையோடு, சரி, வாறன் என்றேன்.

நடுவராக நின்றவர் நான் மூட்டை இறக்குகிற கடைகளில் ஒன்றின் சொந்தக்காரர். எல்லாரும் அவரைக் கடைக்கார அண்ணை என்பார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டு, தொப்பியை இழுத்துவிட்டு, வேறு ஆள் மாதிரி இருந்தார். ஒலிபெருக்கியில், ஹொலண்ட் தேசிய அணியின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் வருகிறார் என்று சொன்னார்கள். கைதட்டினார்கள். கூடாரத்து நிழலில் மடக்குக் கதிரையில் அப்பா தேத்தண்ணிக் கப்போடு நிமிர்ந்து இருந்தார்.

முதல் பந்தைக் கையை நீட்டிச் சுற்றிப் போட்டேன். துடுப்புக்காரனுக்கு வெகு தூரத்தில் போனது. இரண்டாவது என் காலடியிலேயே குத்தி உருண்டது. எங்கோ சிரிப்புக் கேட்டது. மூன்றாவது பந்தில் கை என்னைக் கேட்கவில்லை. முழங்கை மடங்கியது, தோள் திரும்பியது, பந்து போனது. துடுப்புக்காரன் துடுப்பைத் தூக்கவே இல்லை. பின்னால் மூன்று தடிகளும் சரிந்தன.

கடைக்கார அண்ணை கையை நீட்டினார். "நோபோல்." பிறகு என்னைப் பார்த்துச் சங்கடத்தோடு, "தம்பி, இது எறியல்லோ" என்றார்.

அடுத்ததும் அப்படியே போனது. அதற்கடுத்ததும். ஒலிபெருக்கிக்காரனுக்கு வாயில் நல்ல அவல். "ஹொலண்டிலை இப்பிடித்தான் போடுறவையோ தெரியேல்லை" என்றான். மைதானமே சிரித்தது. அணித்தலைவர் வந்து, பரவாயில்லைத் தம்பி என்று என் கையில் இருந்த பந்தை வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, எல்லைக்கோட்டைக் காட்டினார். போகிற வழியில் கூடாரத்தைப் பார்த்தேன். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வார்த்தை போதும், எழும்பி நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். அவர் கப்பைக் குனிந்து பார்த்தார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. எல்லைக்கோட்டில் தனியே நின்றேன். அது எனக்குப் பழக்கம் என்பதால் வெளியே தெரிந்திருக்காது.

ஆட்டம் கடைசிப் பந்துவரை போனது. எதிரணிக்கு வெல்ல இரண்டு ஓட்டம் வேண்டும். அடித்த பந்து என் பக்கமாகத்தான் வந்தது. ஓடிப்போய் எடுத்தேன். அவர்கள் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு இரண்டாவதுக்குத் திரும்பிவிட்டார்கள். அப்போது எங்கள் ஆட்கள் எல்லாரும், விக்கெட் காப்பாளர், அணித்தலைவர், கூடாரத்தில் இருந்தவர்கள்கூட, கத்தத் தொடங்கினார்கள்.

"எறி! தம்பி, எறி!"

காலையில் இருந்து எந்தச் சொல்லுக்காகச் சிரித்தார்களோ அதே சொல். என்னை அறியாமல் மேட்டில் நிற்கிற மாதிரிப் பக்கவாட்டில் திரும்பினேன், வலது காலைத் தூக்கினேன், எறிந்தேன். மெதுவாக இல்லை. சுவருக்கு எறிகிற மாதிரி இல்லை. அறுவைக்குப் பிறகு ஒருநாளும் நான் அப்படி எறிந்ததில்லை. பந்து நிலத்தில் குத்தாமல், நேரே, விக்கெட் காப்பாளரின் நெஞ்சுக்குப் போனது.

அவர் குரொய்டனில் கணக்காளராக இருப்பவர். நல்ல மனிதர். பந்து வருவதைப் பார்த்தார், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் விழுந்தார். பந்து அவர் இருந்த இடத்தைத் தாண்டி, தடிகளைத் தாண்டி, எதிர்ப்பக்க எல்லையையும் தாண்டிப் போனது. நாங்கள் தோற்றோம்.

நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒன்று அறுவதன் சத்தம் எனக்குத் தெரியும். முதல்தரம் அறுந்தபோதும் அதே சத்தம்தான் வந்தது. கடைக்கார அண்ணை தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "என்ன தம்பி இது? இப்பிடி எறிஞ்சால் ஆர் பிடிக்கிறது?" அவர் கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

அப்பா மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தார். செருப்போடு மைதானத்துக்குள் இறங்கினால் யாரையும் ஏசுகிற மனிதர், செருப்போடு வந்தார். கடைக்கார அண்ணை அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. இவர் உண்மையிலை கிரிக்கெட்டோ விளையாடினவர்?"

அப்பா என் சட்டைக் கையை மேலே தள்ளி, முழங்கையில் இருந்த தையல் அடையாளத்தைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் முதல்தரமாகப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "இவன் கிரிக்கெட் விளையாடேல்லை. பேஸ்பால். இவன் எறியிறவன். அமெரிக்காவிலை இவனைக் கூப்பிட்டு வைச்சிருந்தது இந்தக் கையாலை எறியத்தான். நான்தான் உங்களுக்குப் பிழையாச் சொன்னனான்."

யாரோ ஒருவர் லேசாகச் சிரித்தார். "இதிலை சிரிக்க ஒண்டுமில்லை" என்றார் அப்பா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சிரித்தவர் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வலக்கையாலேயே வானை ஓட்டி வந்தேன். டிராம் போவதற்காகக் கடவையில் நின்றபோது அப்பா கேட்டார்.

"அங்கை ஆர் பிடிச்சது?"

விக்கெட்டைத் தவிர அவர் என் தொழிலைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் கேட்சரைப் பற்றிச் சொன்னேன். விரல்களைப் பற்றி, கையுறையை இரண்டு தட்டுத் தட்டுவதைப் பற்றி, சொல்லாமல் வந்ததைப் பற்றி எல்லாம் சொன்னேன். டிராம் போய் வெகுநேரம் ஆகிவிட்டது, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். அப்பா தன் தொடையில் ஒரு விரலை நீட்டி வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு விரலை வைத்தார். "இது வளைஞ்சு போறதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

கை வீங்கி வற்றியது. ஆனால் முழுதாக மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. டொக்டரிடம் போகவில்லை. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மூட்டைகளை வலப்பக்கத் தோளுக்கு மாற்றினேன். அப்பாவிடம் சுளுக்கு என்று சொன்னேன், சுளுக்கு மாறிவிட்டது என்றும் சொன்னேன். அவர் இப்போதெல்லாம் ஒரு உற்சாகத்தில் இருக்கிறார். போனில் சிநேகிதர்களுக்குப் பேஸ்பால் விளங்கப்படுத்துகிறார். பாதி பிழையாகத்தான் சொல்கிறார். நான் அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அடுத்து வந்த ஒரு ஞாயிறு, பழக்கதோஷத்தில் பந்தை ஜக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு சப்பாத்துக் கட்டக் குனிந்தேன். ஒற்றைக் கையால் கட்ட நேரம் எடுத்தது. அப்பா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்றார். எங்கை போறாய் என்று கேட்கவில்லை.

"எறிஞ்சுபோட்டு வா" என்றார்.

அம்மா இறந்தபிறகு அந்த வசனத்தை நான் கேட்டதில்லை. தலையை நிமிர்த்தாமல் கட்டி முடித்துவிட்டு வெளியே போனேன். பூங்காவில் சுவருக்கு முன்னால் நின்று பந்தை எடுத்தேன். எறிகிற அளவுக்கு முழங்கை மடங்கவில்லை. இரண்டு தடவை பார்த்தேன். பிறகு சுவரோடு சாய்ந்து, வழமையாக எறிந்து முடிகிற நேரம்வரைக்கும் பந்தை வைத்துக்கொண்டு இருந்தேன். நாய்க்கார அம்மா கையைக் காட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அப்பா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எறிஞ்சனியோ?"

"ஓம், எறிஞ்சனான்."

அவர் முகம் மலர்ந்தது. கப்பைக் கொண்டுவந்து என் இடப்பக்கமாக நீட்டினார். நான் வலக்கையைக் கொண்டுபோனேன். அவர் கப்பைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார்.

"அந்தக் கையாலை வாங்கு, தம்பி. இனி ஒண்டும் சொல்லமாட்டன்."

இடக்கை ஜக்கெட்டுக்குள் மடங்கினபடி மடங்கிக் கிடந்தது. எட்டி வலக்கையாலேயே கப்பை வாங்கினேன்.

"பழகிப்போச்சு, அப்பா" என்றேன்.